புள்ளிக்காரிக்கு வெயில் ஆகாது

சம்பந்தி அம்மாளுக்கு,

உங்கள் மகளின் மாமியார் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்களும் சௌக்கியம் என்று உங்கள் மகன் போனில் சொன்னதாக உங்கள் மகள் சொன்னாள். இரண்டு வாய் மாறி வந்த சௌக்கியம். உங்கள் கையால் எழுதி வந்தால்தான் நம்புவேன்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று பேத்தி கேட்கிறாள். "ஒரு பட்டனத் தட்டினா மூஞ்சியப் பாத்தே பேசலாம் பாட்டி" என்கிறாள். உங்கள் மூஞ்சியை அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதில் புதிதாகப் பார்க்க ஒன்றுமில்லை. தவிர, போனில் பேசியதை மறுநாள் இல்லையென்று சொல்லிவிடலாம். தாளில் எழுதியதைச் சொல்ல முடியாது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர், நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனால் ஒருவர் என்னிடம் சொன்ன சொல், சொன்ன இடம், சொன்னபோது உடுத்தியிருந்த துணி எல்லாம் எனக்குள் அப்படியே இருக்கும். நம் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆன புதிதில் நான் அனுப்பிய வாழ்த்து அட்டையில் சிவப்பு மையால் பிழை திருத்தித் திருப்பி அனுப்பினீர்களே, அது இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. கல்யாண போட்டோ விஷயத்தை இங்கே எழுதவில்லை. எழுதத் தொடங்கினால் செடி விஷயத்துக்குத் தாளில் இடம் இருக்காது.

செடி விஷயம். நீங்கள் மகன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று அவனுடைய கார் எங்கள் வாசலில் நின்றது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் உங்கள் வீட்டிலிருந்து அந்தத் துணி ஊறவைக்கும் பழைய தொட்டியைக் காரில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினீர்கள். உள்ளே பார்த்தால் வெறும் மண். எல்லோர் முன்னாலும் என்னிடம், "சம்பந்தி, சொன்ன பேச்சக் கேட்டு உங்களுக்குப் பழக்கமில்ல. இந்த ஒண்ணுலயாவது நான் சொல்றபடி செய்யுங்க. கண் ஆபரேஷன் முடிச்சு மூணு மாசத்துல வந்து வாங்கிக்கிறேன்" என்றீர்கள். கார் ஓட்டி வந்த டிரைவர் சிரித்தான். நானும் பார்த்தேன், அவன் சிரித்ததை.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதை அப்படியே செய்வது, என் புத்தியைத் துளியும் கலக்காமல் இருப்பது. ஓர் இலை உதிர்ந்தாலும் அது உங்கள் வாக்கால் உதிர்ந்ததாக இருக்க வேண்டும், என் கையால் உதிர்ந்ததாக இருக்கக்கூடாது. மூன்று மாதம் கழித்து நீங்கள் வரும்போது தொட்டியை உங்கள் முன்னால் வைத்து, சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று மட்டும் கேட்பேன்.

நிழலில் வைக்கச் சொன்னீர்கள், அதன்படி என் அறைச் சன்னலுக்குக் கீழே, எங்கள் சுவருக்கும் பக்கத்துத் தையல்காரம்மாவின் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் வைத்திருக்கிறேன். வெயில் எட்டிக்கூடப் பார்க்காத சந்து. மொட்டைமாடிக் குழாயிலிருந்து எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே துணி காய்ந்ததில்லை, பாசிதான் வளர்ந்திருக்கிறது. இந்த இடத்தில் எந்தச் செடி பிழைக்கும் என்று நினைத்தேன். போன வாரம் மண்ணைக் குத்திக்கொண்டு முளை வந்துவிட்டது, ஒன்று இல்லை, கொத்தாக. இலை தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வருகிறது, மேலே மெல்லிய ரோமம். புள்ளிக்காரி என்று நீங்கள் பேர் வைத்திருக்கிறீர்கள், இலையில் கொஞ்சம் புள்ளி இருக்கத்தான் செய்கிறது. ஓடில்லாத நத்தை வந்து தின்கிறது. விடிந்ததும் ஒரு கரண்டியோடு போய்ப் பொறுக்கித் தூர எறிகிறேன். தையல்காரம்மா பார்த்துவிட்டு, "என்னம்மா, சம்பந்திக்குச் சீர் எடுக்கிறீங்களா" என்று கேட்டாள். அவளும் என் கணக்கில் சேர்ந்துவிட்டாள்.

கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. காரில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "வரேன்க்கா" என்றீர்கள். இத்தனை வருஷமாகச் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டிருக்கிறீர்கள். உங்களைவிட நான் ஒரு வயது இளையவள். எல்லோர் முன்னாலும் என்னைக் கிழவி ஆக்கத்தான் அப்படிச் சொன்னீர்களா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

இன்னொன்று. தையல்காரம்மா உங்கள் மகளிடம், "உங்க அம்மா வீட்டுல அன்னைக்கு ஒரே கரிஞ்ச வாசனையாமே" என்றாள். நான் வந்ததும் உங்கள் மகள் பேச்சை மாற்றி ரவிக்கை அளவைப் பற்றிக் கேட்டாள். பாலைக் காயவைத்துவிட்டு டிவி பார்த்திருப்பீர்கள். சீரியல் புத்தியை மாற்றிக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு மருந்து ஒழுங்காக விடவும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பதில் போடவும். சொன்னபடி செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் தொட்டிக்குக் காவல் இருக்கும் சம்பந்தி

*

சம்பந்தி அம்மாளுக்கு,

உங்கள் கடிதங்கள் வந்தன. ஒன்று இல்லை, மூன்று. எனக்குத் தலை சுற்றுகிறது. அதனால் சௌக்கியம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முதல் கடிதத்தில், புள்ளிக்காரியை நல்ல வெயிலில் வைக்கவும், நாள் முழுக்க வெயில் பட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். பேத்தியிடம் கொடுத்தும் படிக்கச் சொன்னேன். வெயில் என்றுதான் இருக்கிறது. நிழலில் வை என்று வாயால் சொன்னவரும் நீங்கள், வெயிலில் வை என்று கையால் எழுதியவரும் நீங்கள். எந்த நீங்கள் பேச்சை நான் கேட்பது? வாயைவிடத் தாள் பெரிது என்று முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். மகனைக் கூப்பிட்டுத் தொட்டியை வாசல் படிக்கு மாற்றினேன். "அம்மா, அது நிழல் செடின்னு நீதான் சொன்ன" என்றான். "எழுதினவங்களப் போய்க் கேளு, நான் எடுபிடி" என்றேன்.

ஒரே வாரம். இலையெல்லாம் ஓரத்திலிருந்து பழுப்பேறி, அடுப்பில் காட்டிய காகிதம் போலச் சுருண்டுவிட்டது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். குடித்தது, ஆனாலும் தலை தூக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து உங்கள் இரண்டாவது கடிதம் வந்தது. செடியை நிழலில்தானே வைத்திருக்கிறீர்கள், வெயில் பட்டால் செத்துப்போகும், உங்களை நம்பித்தான் விட்டுவந்தேன் என்று. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். இது எப்படி இருக்கிறது தெரியுமா? நீங்களே பள்ளம் வெட்டி, நீங்களே என்னைத் தள்ளிவிட்டு, மேலே நின்று பார்த்து நடக்கத் தெரியாதா என்று கேட்பது போல. அந்தக் கார்காரன் சிரிப்பு என் காதில் கேட்டது. மூன்றாவது கடிதம் இரண்டாவது கடிதமேதான், ஒரு சொல் மாறவில்லை. எதற்கு ஒரே கடிதத்தை இரண்டு தடவை அனுப்புகிறீர்கள்? எனக்குப் புரியாது என்றா?

சொல்லாமல் விட மனமில்லை. உங்கள் கடிதத்தில் இரண்டு பிழை இருக்கிறது. ஐந்தாவது படித்த நானே கண்டுபிடித்தேன். வரிகூட நேராக இல்லை, கோடு போட்ட தாளிலேயே இறக்கத்தில் போகிறது. ஆபரேஷன் செய்த கண் என்பதால் சிவப்பு மை எடுக்கவில்லை.

இனி உங்களைக் கேட்டுப் பயனில்லை என்று, கருகிய இலை ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி நாற்றுப் பண்ணைக்குப் போனேன். அங்கே இருந்தவன் இலையைப் பார்த்த உடனேயே, "யாரும்மா இத வெயில்ல வெச்சது?" என்று என்னைத்தான் கேட்டான். "வேற யாரு, சொந்தக்காரங்கதான்" என்றேன். ஆசியாவில் உள்ள பெரிய மலைகளில், உயர்ந்த மரங்களுக்கு அடியில், மக்கிய இலைக்குப்பையில் வளரும் சாதியாம். இங்கிலீஷில் தேரையின் பேரை வைத்து ஏதோ சொன்னான். பூவில் தேரை முதுகு போலப் புள்ளி இருக்குமாம். மற்ற செடியெல்லாம் பூத்து ஓய்ந்த பிறகு, குளிருக்கு முன்னால்தான் பூக்குமாம். அப்புறம், "இதெல்லாம் வளக்கறது கஷ்டம்மா, ரோஜா வாங்கிட்டுப் போங்க, வெயில்ல வெச்சாலும் திட்டாது" என்று என் தலையில் ஒன்றைக் கட்டப் பார்த்தான். வாங்கவில்லை.

தொட்டியைத் திரும்பச் சந்துக்குக் கொண்டுபோய்விட்டேன். தெருமுனை மரத்தடியில் மக்கிக் கிடந்த இலையைச் சாக்கில் அள்ளிவந்து மேலே பரப்பினேன். முதல் தடவையாக உங்கள் பேச்சை மீறியிருக்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கருகிய இலையைக் கிள்ளவில்லை. நீங்கள் வந்து உங்கள் வேலையை நீங்களே பார்க்க வேண்டும்.

இனி எனக்குப் புரியாத மற்ற விஷயங்கள். மூன்று கடிதத்திலும் உங்கள் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். அந்த வீட்டை உங்கள் மகன் போன மாதமே காலி செய்துவிட்டானே. உங்கள் பீரோவும் தையல் மிஷினும் எங்கள் மாடியில் கிடக்கின்றன. உங்கள் சன்னலில் வேறு யாருடைய திரையோ தொங்குகிறது, மஞ்சள் நிறம், பார்க்கச் சகிக்கவில்லை. மூன்று மாதத்தில் வருகிறவருக்கு எதற்கு வீட்டைக் காலி செய்தார்கள்? உங்கள் மகளைக் கேட்டால், "அம்மாவுக்கு நீங்க எதுவும் எழுதிராதீங்க அத்தை" என்கிறாள். நான் எழுதுகிறேன். என்னிடம் ஏன் என்று சொல்லாத எதையும் நான் மறைக்க மாட்டேன்.

இந்த வீட்டில் என்னவோ நடக்கிறது. நான் சமையலறைக்குள் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் என் அறைக்கு வந்து டேப்பை விரித்துச் சுவருக்குச் சுவர் அளந்தான். எதற்கடா என்றால், "சும்மாம்மா" என்றான். சும்மா ஒருவன் அறையை அளப்பானா? கீழே இருப்பது இந்த ஓர் அறைதான். என்னை மாடிக்கு ஏற்றப் போகிறார்களா, இல்லை வேறு எங்காவது அனுப்பப் போகிறார்களா தெரியவில்லை. உங்கள் மகள் உங்களிடம் ஏதாவது சொல்லியிருந்தால் ஒளிக்காமல் எழுதவும். நாம் எவ்வளவு சண்டை போட்டிருந்தாலும் நீங்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிறவர். அந்த ஒரு குணத்தை நான் யாரிடமும் குறைத்துப் பேசியதில்லை.

கண் எப்படி இருக்கிறது? எந்தக் கண் என்றே நீங்கள் எழுதவில்லை.

இப்படிக்கு,
வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவில் நிற்கும் சம்பந்தி

*

சம்பந்தி அம்மாளுக்கு,

இது சின்னக் கடிதம். சௌக்கியம் விசாரிக்கவில்லை.

புள்ளிக்காரி பிழைத்துக்கொண்டாள். புது இலை விட்டு, தண்டு வளைந்து, இலைக்கும் தண்டுக்கும் இடையில் மொட்டுக் கட்டியிருக்கிறது. இதைச் சொல்வது உங்களைச் சந்தோஷப்படுத்த இல்லை. பொறுப்பை ஒப்படைத்தவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இன்றைக்கு வந்த உங்கள் கடிதத்தைப் படித்தேன். கல்யாண போட்டோவைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறீர்களாம். தினமும் பார்ப்பீர்களாம். எல்லோரும் இருக்கிறார்கள், உங்களை மட்டும் காணோம், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் சம்பந்தி, தேடித் தேடிப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அப்படியா? என்னைத் தேடுகிறீர்களா?

இத்தனை வருஷத்தில் நீங்கள் எவ்வளவோ சொல்லியிருக்கிறீர்கள். என் சேலையைச் சொன்னீர்கள், என் எழுத்தைச் சொன்னீர்கள், நான் போட்ட டீயைச் சொன்னீர்கள். எல்லாவற்றுக்கும் அந்தந்த இடத்திலேயே பதில் கொடுத்திருக்கிறேன். இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஒருத்தியை நிற்கவிடாமல் செய்துவிட்டு, ஏன் நிற்கவில்லை என்று கேட்க ஒரு மனசு வேண்டும். என் வீட்டுக் கூடத்திலும் அதே போட்டோதான் தொங்குகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போகிறேன்.

இனி நான் எழுத மாட்டேன். வந்து உங்கள் தொட்டியை எடுத்துக்கொண்டு போங்கள்.

சம்பந்தி

*

சம்பந்தி அம்மாளுக்கு,

எழுத மாட்டேன் என்று எழுதிய கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. கோபம் குறைந்து வைத்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம். வீட்டில் தபால்தலை தீர்ந்துபோயிருந்தது. இப்போது அதையும் இதனோடு சேர்த்து அனுப்புகிறேன். எழுதியது எழுதியதுதான்.

இதை யார் உங்களுக்குப் படித்துக் காட்டினாலும், ஒரு வரி விடாமல் படிக்கவும். நல்லதை மட்டும் படித்துவிட்டு மற்றதை விழுங்க வேண்டாம். டீச்சருக்கு அது பிடிக்காது.

தபால்தலை கேட்கத்தான் சமையலறைக்குப் போனேன். உங்கள் கடிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன், உன் அம்மா எழுதியிருக்கும் அழகைப் பார் என்று கேட்க. உங்கள் மகள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, பிரசவத்தில்கூட. நான் சண்டைக்குப் போனவள். என்ன செய்வதென்று தெரியாமல் கத்தியை எடுத்து மீதிக் காயை நறுக்கினேன்.

அப்புறம் சொன்னாள். உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லையாம். ஆபரேஷனே நடக்கவில்லையாம். போன குளிர்காலத்திலிருந்தே இப்படியாம். பாலைக் காயவைத்து மறந்து பாத்திரம் உருகும் வரை போனதாம். ரொட்டி வாங்கப் போய் வீட்டுக்கு வழி தெரியாமல் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தீர்களாம், கண்டக்டர் கூட்டிவந்து விட்டாராம். உங்களுக்கு ஓர் அக்கா இருந்தாராம், என்னைப் போலவே உயரமாம், போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறதாம். எனக்கு இதெல்லாம் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் சொன்னாள், "எப்படிச் சொல்றது அத்தை? உங்களுக்குத்தான் அம்மாவக் கண்டாலே ஆகாதே. அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயிட்டா பகல் பூரா அம்மா தனியா இருக்காங்க. ரெண்டு தடவ கதவத் திறந்துட்டு வெளிய போயிட்டாங்க. முதியோர் இல்லத்துல சேத்துரலாம்னு அண்ணன் சொல்றான். இங்க கூட்டிட்டு வரலாம்னா கீழ இருக்கிறது உங்க ரூம் ஒண்ணுதான், அம்மாவுக்கு மாடிப்படி ஆகாது. உங்க மகன் அளந்து பாத்துட்டு ரெண்டு கட்டில் போடலாம்னுதான் சொன்னார். ஆனா உங்ககிட்ட யார் கேக்கறதுன்னு ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கோம்."

என்னை இவர்கள் என்னவென்று நினைத்திருக்கிறார்கள் என்று நாள் முழுக்கக் கோபத்தில் இருந்தேன். சாயங்காலம் யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் நினைத்திருக்கிறார்கள்.

எனக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை, சம்பந்தி. மறப்பது என்றால் எப்படி? எனக்கு அது பழக்கமில்லை. ஒரு விஷயம் இருந்த இடத்தில் பிறகு என்ன இருக்கும், வெறும் சுவரா? வெயில் என்று எழுதியபோது உங்களுக்கு வெயில்தான் என்று நிச்சயமாகத் தெரிந்ததா? நிழல் என்று எழுதியபோது வெயிலை எழுதியது தெரியாதா? நான் உங்கள் மேல் கோபப்பட்ட நாட்களையெல்லாம் இப்போது என்ன செய்வது? நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று ஆகிவிட்டது. அந்தக் கோபத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள எங்கேயும் வழி இல்லை. கோபப்படக் கார்காரன் ஒருவன்தான் மிச்சம்.

போட்டோவில் நான் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டீர்கள் என்று இப்போது தெரிகிறது. அதனால் பதில் சொல்கிறேன்.

அன்றைக்கு மழை. விடாத தூறல். படம் பிடிப்பவர் சிடுமூஞ்சி, வெளிச்சம் போகிறது என்று எல்லோரையும் வாசலில் வரிசையாக நிறுத்தினார். நான் என் மகன் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் வெளிர்நீலச் சேலை. உங்களுக்குத் தும்மல் வந்துகொண்டே இருந்தது. என்னைப் பார்த்து, "சம்பந்தி, உள்ள ஒரு குடை இருக்கு, எடுத்துட்டு வாங்களேன், பொண்ணு நனையுது" என்றீர்கள். உங்கள் ஆட்கள் அத்தனை பேர் நிற்க, என்னைச் சொன்னீர்கள். நான் போனேன். குடை கதவுக்குப் பின்னால் இருந்தது, கறுப்புக் குடை, ஒரு கம்பி உடைந்தது. விரிக்கத் தெரியாமல் தடுமாறிவிட்டு வெளியே வந்தால், படம் எடுத்து முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் என்னைப் பார்த்து, "அட, நீங்க இல்லையா" என்று சிரித்தீர்கள்.

உங்கள் போட்டோவை எடுத்துப் பாருங்கள். வலது ஓரத்தில் உங்கள் அண்ணன் மனைவி மட்டும் காமிராவைப் பார்க்காமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கவாட்டில் பார்க்கிறார் பாருங்கள். அவர் பார்க்கும் இடத்தில் குடையோடு வந்துகொண்டிருப்பது நான்தான். இருக்கிறேன். படத்துக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் போவதில்லை. மன்னித்தால் நாளடைவில் எனக்கும் மறந்துபோகும். உங்களுக்கு மறந்தாயிற்று. இரண்டு பேரும் மறந்துவிட்டால் அன்றைக்கு அந்த மழை பெய்ததற்கே ஆள் இல்லாமல் போய்விடும். உங்கள் தும்மல், நீலச் சேலை, உடைந்த கம்பி எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கேட்கும்போதெல்லாம் எடுத்துத் தருவேன். திட்டிக்கொண்டே தருவேன்.

புள்ளிக்காரி பூத்துவிட்டாள். தெருவில் எல்லாச் செடியும் ஓய்ந்த பிறகு, அந்த இருட்டுச் சந்தில், பாசிக்கு நடுவே. ஒவ்வொரு வருஷமும் பூத்திருக்கிறது வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்புவீர்கள். குடை விஷயத்துக்காக ஒரு வருஷமும் நான் உங்கள் வாசலை மிதிக்கவில்லை. இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். வெள்ளை இதழில் ஊதா மையைப் பேனாவிலிருந்து உதறிவிட்டது போல அவ்வளவு புள்ளி. நடுவில் இன்னொரு சின்னப் பூ எழுந்து நிற்கிறது. தலையைக் குனியாமல் மேலே பார்த்துக்கொண்டு இருக்கிறது. பார்க்க ஆளே இல்லாத இடத்தில் யாருக்காக இவ்வளவு அலங்காரம் என்று தெரியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் மலைக்காட்டில் ரோடு போடப் போன இடத்திலிருந்து, ஈரச் சாக்கில் வேர்க்கிழங்கைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்தார் என்று உங்கள் மகள் சொன்னாள். எதற்கு அப்படி வந்தார் என்பது மட்டும் இப்போது புரிகிறது. தையல்காரம்மாகூட வந்து பார்த்துவிட்டு, "இந்த மாதிரி துணி கிடைச்சா எனக்கு ஒரு ரவிக்கை" என்றாள். அவளைக் கணக்கிலிருந்து பாதி விடுவித்திருக்கிறேன்.

பேத்தி எடுத்த போட்டோ ஒன்று இதனோடு வைத்திருக்கிறேன். புள்ளிக்காரியும் நானும். நான் நடுவில் நிற்கிறேன், தேட வேண்டாம். கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில், அதே மட்டத்தில் மாட்டவும். கீழே மாட்டினால் எனக்குத் தெரிந்துவிடும்.

கட்டில் கீழே வந்தாயிற்று. மாடியில் கிடக்கும் உங்கள் சாமானில் இருந்த உங்கள் சொந்தக் கட்டில்தான். கதவுக்கு வெளியே போனால் மணி அடிக்கிற மாதிரி ஒன்றை மகன் மாட்டியிருக்கிறான். அது எந்நேரமும் எனக்குத்தான் அடிக்கிறது. உங்கள் மகனிடம், இல்லம் கில்லம் என்று எங்கேயும் பணம் கட்டிவிட வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை கூட்டிவருவதாகச் சொன்னான். இதை உங்களுக்குச் சொன்னார்களா, சொன்னது நினைவிருக்கிறதா தெரியவில்லை. அதனால் நானும் சொல்கிறேன்: வாருங்கள்.

நீங்கள் வரும் நேரத்தில் குளிர் இறங்கிவிடலாம். தண்டெல்லாம் கறுத்துச் சாய்ந்து, தொட்டியில் நீங்கள் கொடுத்தது போல வெறும் மண்தான் இருக்கும். செடி எங்கே என்று கேட்பீர்கள். உள்ளே இருக்கிறது என்று சொல்வேன். மறுபடி கேட்பீர்கள். மறுபடி சொல்வேன். முதல் தடவை மரியாதையாகச் சொல்வேன். அதற்கு மேல் என் குணம் உங்களுக்குத் தெரியும். மறந்திருந்தாலும் ஒரே நாளில் தெரிந்துவிடும். என்னை அக்கா என்று கூப்பிட்டாலும் போகிறது, நான் திரும்பிப் பார்ப்பேன்.

ஒரே ஒரு விஷயம், இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன், பிறகு பேச்சு மாறக்கூடாது. சன்னல் பக்கக் கட்டில் என்னுடையது. அதில் படுத்தால்தான் சந்து தெரியும், புள்ளிக்காரி தெரிவாள். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்களுக்கு வேண்டுமென்றால் வந்து, எதிரே நின்று, பழையபடி சண்டை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குடையோடு நிற்கும்
உங்கள் சம்பந்தி